காலாவதி என்று சொல்லாதீர்கள்: மோமா அறங்காவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் (மோமா) அறங்காவலர் குழுவுக்கும், 2025-இல் இயக்குநராகப் பொறுப்பேற்ற கிறிஸ்தோஃப் ஷெரிக்ஸ் அவர்களுக்கும்,

வணக்கம்.

உங்களிடம் இருக்கும் ஓர் எண்ணெய் ஓவியத்தைப் பற்றி எழுதுகிறேன். 1927-இல் ஜெர்மன் ஓவியர் ஜார்ஜ் குரோஸ் வரைந்தது. கவிஞர் மாக்ஸ் ஹெர்மன்-நைஸெ உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான் படம். உயரம் 59.4 சென்டிமீட்டர், அகலம் 74 சென்டிமீட்டர். வான்கோவின் நட்சத்திர இரவைத் தேடிக்கொண்டு உங்கள் மாடிப்படிகளில் ஏறி வருகிற கூட்டத்தில் பத்துப் பேருக்காவது இந்தப் படத்தின் பெயர் தெரிந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஓவியம் எங்களுடையது என்று கேட்டு வந்த குரோஸ் குடும்பத்துக்கு நீதிமன்றத்தில் நீங்கள் கொடுத்த பதில் "காலம் கடந்துவிட்டது" என்பது. அந்தப் பதிலைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். படம் யாருடையது என்ற கேள்வியை மட்டும் எடுத்து வைத்து, அதற்கு நேராகப் பதில் சொல்லுங்கள்.

நான் ஓவியரும் இல்லை, வக்கீலும் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்து, ரொம்ப வருடமாக நியூ ஜெர்சியில் குடியிருக்கிறேன். எங்கள் மொழியில் உங்கள் பதவிக்கு என்ன பெயர் தெரியுமா? அறங்காவலர். ஊர்க் கோயிலின் சொத்தைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்படுபவருக்கும் அதே பெயர்தான். சொத்தைக் காவல் காப்பவர் என்று அந்தச் சொல்லில் எங்கும் இல்லை, அறத்தைக் காப்பவர் என்றுதான் இருக்கிறது. சின்ன வயதில் கோயில் பலகையில் அந்தச் சொல்லை எழுத்துக் கூட்டிப் படித்த எனக்கு, உங்கள் குழுவின் பெயரைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் மனசு தானாக அப்படித்தான் மொழிபெயர்த்துக்கொள்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

முதலில் உட்கார்ந்திருக்கும் மனிதரைப் பற்றி. ஹெர்மன் என்பதுதான் அவருடைய குடும்பப் பெயர். நைஸெ அவர் பிறந்த ஊர், அப்போது ஜெர்மனியின் சிலேசியாவில் இருந்தது. ஊர்ப் பெயரைத் தன் பெயரோடு தானே சேர்த்துக்கொண்டார். இது தமிழர்களுக்கு விளக்க வேண்டிய விஷயமே இல்லை, எங்களில் பாதி எழுத்தாளர்கள் ஊரைப் பெயருக்கு முன்னால் வைத்துக்கொண்டுதான் எழுதினார்கள், அவர் பின்னால் வைத்துக்கொண்டார். 1886-இல் பிறந்தவர், உருவத்தில் மிகச் சிறியவர், முதுகு கூனியிருக்கும், தலை மட்டும் பெரியது, முடி உதிர்ந்தது, கண்ணாடி போட்டிருப்பார். தெருவில் போனால் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிற உடம்பு. அந்த உடம்போடு பெர்லினுக்கு வந்து கவிதையும் நாடகமும் விமர்சனமும் எழுதிப் பெயர் வாங்கினார். ஓவியர்களுக்கு அவரை வரைய அப்படி ஓர் ஆசை இருந்திருக்கிறது. லுட்விக் மைட்னர் 1913-இலேயே வரைந்துவிட்டார், அந்தப் படம் இப்போது சிகாகோவில் இருக்கிறது. குரோஸ் ஒரு தடவை வரைந்து திருப்திப்படாமல் மறுபடியும் வரைந்தார். 1925-இல் வரைந்தது மான்ஹைம் நகரத்துக் கலைக்கூடத்தில் இருக்கிறது, பூப்போட்ட சாய்வு நாற்காலியில் கைகளைக் கோத்துக்கொண்டு கவிஞர் உட்கார்ந்திருப்பார். இரண்டு வருடம் கழித்து வரைந்ததுதான் உங்களிடம் இருப்பது. வழக்குத் தாள்களில் இதற்குக் "கோன்யாக்குடன் ஹெர்மன்-நைஸெ" என்றும் ஒரு பெயர் இருக்கிறது, கோன்யாக் என்பது ஒரு வகை பிராந்தி.

குரோஸ் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கப் போகிற தமிழ் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். முதல் உலகப் போருக்குப் பிறகு ஜெர்மனியில் முதலாளி, ராணுவ அதிகாரி, பாதிரியார், நீதிபதி என்று யாரையும் விட்டுவைக்காமல் கேலிச்சித்திரம் போட்ட கை அது. பன்றிக் கழுத்தும் புழுத்த மூளையுமாக மனிதர்களை வரைந்து தள்ளிய ஆள். சிலுவையில் தொங்கும் இயேசுவுக்கு விஷவாயு முகமூடி மாட்டி வரைந்ததற்காகத் தெய்வ நிந்தனை வழக்கில் வருடக்கணக்காக நீதிமன்றம் ஏறி இறங்கினார். அப்படிப்பட்ட கை, கேலி செய்வதற்கென்றே கிடைத்த உடம்பு போலிருக்கும் ஒரு நண்பரை எதிரே உட்காரவைத்து வரையும்போது ஒரு கோட்டில்கூடக் கேலி செய்யவில்லை. கூனை மறைக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை. உட்கார்ந்திருக்கும் ஒற்றை ஆளை வரையும்போது பெரும்பாலும் கேன்வாஸை நெட்டுக்குத்தாக வைப்பார்கள், இதில் குறுக்காக வைத்திருக்கிறார். மனிதருக்குப் பக்கத்தில் இடம் கிடைக்கிறது, மூச்சுவிடச் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். இதை ஓவியம் தெரிந்தவர்கள் ஒத்துக்கொள்வார்களா என்று தெரியாது. நண்பர் வீட்டுக்குப் போய் நிதானமாகப் பேசிக்கொண்டிருப்பது போல எனக்கு அந்தப் படம்.

இனி, படம் உங்களிடம் வந்த வழி.

குரோஸ் 1933 ஜனவரியில், ஹிட்லர் பதவிக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்னால், ஜெர்மனியை விட்டு நியூயார்க் வந்துவிட்டார். உங்கள் ஊரில் மாணவர்களுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தார். ஹெர்மன்-நைஸெ யூதர் இல்லை, ஜெர்மனியிலேயே தங்கியிருந்தாலும் உடனே ஆபத்து என்று சொல்வதற்கில்லை, ஆனாலும் நாடாளுமன்றக் கட்டடம் எரிந்த கையோடு மனைவி லேனியை அழைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சுவிட்சர்லாந்து, ஹாலந்து, பாரிஸ் என்று அலைந்து லண்டனில் போய் உட்கார்ந்தார். 1938-இல் அவருடைய ஜெர்மன் குடியுரிமையைப் பறித்தார்கள், அதே வருடம் குரோஸும் குடியுரிமை இழந்தவர்தான். 1941 ஏப்ரலில் லண்டனிலேயே கவிஞர் இறந்துபோனார். பெயரில் ஒட்டிக்கொண்டு வந்த ஊருக்கு அவர் திரும்பவே இல்லை. போர் முடிந்ததும் அந்த ஊர் போலந்துக்குப் போய் நிசா ஆகிவிட்டது.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார், இந்தக் கதையில் அவர்தான் முக்கியம். ஆல்ஃபிரெட் ஃபிளெக்ட்ஹைம், ஓவிய வியாபாரி. டுசெல்டார்ஃபிலும் பெர்லினிலும் கூடம் வைத்திருந்தார், பிக்காசோ முதல் குரோஸ் வரை அவர் மூலமாக ஜெர்மனி பார்த்தது. யூதர். நாஜிகள் அவருடைய மூக்கையும் முகத்தையும் பத்திரிகை அட்டையில் போட்டு வெறுப்பைக் கிளப்பினார்கள். 1933-இல் அவர் ஓடிப்போக வேண்டியதாயிற்று, கடை கைமாறியது, சரக்கு சிதறியது. விற்றுக்கொடுப்பதற்காக ஓவியர்கள் அவரிடம் ஒப்படைத்திருந்த படங்களும் அந்தச் சரக்கில் இருந்தன. உங்கள் சுவரில் இருப்பதும் அப்படி ஒப்படைத்த படம்தான் என்பது குரோஸ் குடும்பத்தின் வாதம். 1937 மார்ச்சில் ஃபிளெக்ட்ஹைம் லண்டனில் இறந்தார், காலில் பட்ட காயம் புரையோடிக் காலையே எடுத்தும் பிழைக்கவில்லை. மனைவி பெட்டி பெர்லினில் தங்கியிருந்தார். 1941-இல் நாடு கடத்தும் உத்தரவு கையில் கிடைத்தபோது தற்கொலை செய்துகொண்டார், வீட்டில் மிச்சமிருந்த உடைமைகளை அரசு எடுத்துக்கொண்டது.

இதற்கிடையில் இந்த ஓவியம் எங்கே இருந்தது? சார்லோட் வைட்லர் என்ற கலை விமர்சகரிடம். ஃபிளெக்ட்ஹைம் தனக்கு விட்டுப்போனது என்று அவர் சொன்னார். அவரிடமிருந்து நியூயார்க் வியாபாரி குர்ட் வாலன்டின் வழியாக 1952-இல் நீங்கள் வாங்கினீர்கள். வாலன்டின் யார் என்பதை இங்கே நிறுத்தி ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும், ஏனென்றால் அவர் இளமையில் வேலை பார்த்ததே ஃபிளெக்ட்ஹைமின் பெர்லின் கூடத்தில்தான். அந்தக் கூடம் எப்படி மூடியது, அந்த முதலாளி எப்படிப் போனார் என்பது நியூயார்க்கில் வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரியும். ஒரு தபால் போட்டால் போய்ச் சேருகிற தூரத்தில் ஓவியர் உயிரோடு இருந்தார், அதுவும் நியூயார்க் மாநிலத்திலேயே. யாராவது ஒருவர் அவரிடம் "இது நீங்கள் விற்ற படம்தானா?" என்று ஒரு வரி கேட்டிருக்கலாம்.

மறு வருடம், 1953-இல், குரோஸே அந்தப் படத்தை உங்கள் இடத்தில் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டுத் தன் சகலை ஓட்டோ ஷ்மால்ஹவுசனுக்குக் கடிதம் எழுதினார். தன்னிடமிருந்து திருடுபோன ஒரு படத்தை இந்த அருங்காட்சியகம் காட்சிக்கு வைத்திருக்கிறது, திருடியவரிடமிருந்து வாங்கியிருக்கிறார்கள், தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்பது அதன் சாரம். இந்தக் கடிதம் வழக்கு ஆவணங்களிலேயே இருக்கிறது, நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை.

இதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அறுபது வயதை எட்டிய ஒரு மனிதர், பிழைக்க வந்த ஊரில், ஒரு பெரிய கட்டடத்துக்குள் போகிறார். சுவரில், இருபத்தாறு வருடம் முன்னால் தன் கையால் வரைந்த நண்பன் உட்கார்ந்திருக்கிறான். நண்பன் செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. விற்றுக் கொடுக்க வேண்டியவரும் செத்துவிட்டார். படத்தை யார் எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று கேட்க ஜெர்மனியில் ஆளும் இல்லை, தாளும் இல்லை. திரும்பி வீட்டுக்குப் போய்ச் சகலைக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது. 1959-இல் பெர்லினுக்குத் திரும்பிப் போய்ச் சில வாரங்களிலேயே இறந்துவிட்டார்.

குரோஸ் பார்த்தும் வழக்குப் போடவில்லையே என்பது உங்கள் தரப்பில் சொல்லப்படுகிற பெரிய வாதம். எனக்கு இதில் ஒன்று புரிகிறது. ஓர் ஊரில் அகதியாக வந்து ஒதுங்கிய ஓவியருக்கு அந்த ஊரின் மிகப் பெரிய நவீன ஓவிய அருங்காட்சியகம் என்பது என்ன? அவருடைய படங்களை வாங்கக்கூடிய இடம், காட்சிக்கு வைக்கக்கூடிய இடம், அங்கே பெயர் கெட்டால் மற்ற கூடங்களிலும் கதவு சாத்திக்கொள்ளும். அந்த இடத்தின் மேல் அவர் கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது, பண்ணையார் வீட்டுத் திண்ணையில் தன் பித்தளைக் குடத்தைப் பார்த்துவிட்ட குத்தகைக்காரர் ஏன் அன்றைக்கே சண்டை போடவில்லை என்று கேட்பதைப் போன்றது. பேசாமல் இருந்ததை விட்டுக்கொடுத்ததாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதுவும் "திருடுபோனது" என்று அவரே எழுதி வைத்திருக்கும்போது.

அப்புறம் பிள்ளைகள். இரண்டு மகன்கள். பீட்டர் விமான வரலாறு எழுதியவர், மார்ட்டி ஜாஸ் கிதார் வாசிப்பவர். 2003-இல் அவர்கள் தரப்பிலிருந்து உங்களிடம் கேட்டார்கள், இந்தப் படம் உட்பட மூன்று படைப்புகளை. கடிதங்கள் போயின, வந்தன, ஆய்வு நடக்கிறது என்றீர்கள். 2005 ஜூலையில் அப்போதைய இயக்குநர் ஒரு கடிதம் எழுதினார். அதற்குப் பிறகும் பேச்சு ஓயவில்லை. அமெரிக்காவின் அட்டர்னி ஜெனரலாக இருந்த நிக்கோலஸ் காட்சன்பாக்கை அமர்த்தி அறிக்கை வாங்கினீர்கள், கோரிக்கையை நிராகரிக்கலாம் என்று அவர் சொன்னார், 2006 ஏப்ரலில் உங்கள் குழு கூடி நிராகரித்தது. அந்த வருடமே பீட்டர் இறந்தார். மார்ட்டியும் பீட்டரின் மனைவி லிலியனும் 2009 ஏப்ரலில் வழக்குப் போட்டார்கள்.

நியூயார்க் சட்டப்படி, பொருளைக் கேட்டு மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று வருடம். குழு மறுத்தது 2006 ஏப்ரல் என்று எண்ணினால் வழக்கு சரியான நேரத்தில் வந்திருக்கிறது. ஆனால் 2005 ஜூலைக் கடிதமே மறுப்புதான், கடிகாரம் அன்றைக்கே ஓட ஆரம்பித்துவிட்டது என்று நீங்கள் வாதாடினீர்கள். நீதிமன்றம் 2010 ஜனவரியில் அதை ஏற்றுக்கொண்டது. மேல்முறையீட்டிலும் அதே முடிவு. 2011-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ளவே மறுத்தது. யாரும் அந்தப் படம் குரோஸுடையது இல்லை என்று தீர்ப்புச் சொல்லவில்லை. வைட்லருக்கு விற்கும் உரிமை இருந்தது என்றும் சொல்லவில்லை. சில மாதம் தாமதம் என்றார்கள், அவ்வளவுதான். நீங்கள் காட்சன்பாக்கை வைத்து ஆராய்ந்துகொண்டிருந்த மாதங்களும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டன என்பதுதான் எனக்கு ஜீரணிக்கவே முடியாதது. எதிராளி நம் பதிலுக்காகக் காத்திருந்த நாட்களை அவன் தூங்கிய நாட்களாக எண்ணலாமா?

மூன்று வருடம் என்றதும் எனக்கு எங்கள் ஊர்ப் புரோநோட்டு ஞாபகம் வந்தது. இந்தியாவில் கடன் பத்திரத்துக்கும் மூன்று வருடம்தான். அதற்குள் வழக்குப் போடவேண்டும், இல்லையென்றால் கொஞ்சமாவது வட்டியோ அசலோ கொடுத்துப் பின்பக்கம் வரவு எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் நோட்டு உயிரோடு இருக்கும், தவறினால் நோட்டு செத்துவிட்டது என்பார்கள். என் தாத்தா ஒரு சம்சாரியிடம் விதை நெல்லுக்காக நோட்டு எழுதிக் கொடுத்திருந்தார். கடன் கொடுத்தவர் இறந்துபோனார், அவர் பிள்ளைகள் சின்னவர்கள், நோட்டு பெட்டியில் கிடந்து செத்துப்போனது. ஏழெட்டு வருடம் கழித்து அறுவடை நன்றாக வந்தபோது தாத்தா அசலையும் தனக்கு நியாயமாகத் தோன்றிய வட்டியையும் எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாராம். நோட்டுதானே செத்தது, வாங்கினது வாங்கினதுதானே என்று பாட்டியிடம் சொன்னாராம். இதை வீட்டில் பெருமையாகக்கூடச் சொல்ல மாட்டார்கள், அறுவடைக் கதையோடு கதையாக வரும். பின்னாளில் சட்டம் படித்த உறவினர் ஒருவர் சொல்லித் தெரிந்துகொண்டேன், 1872-ஆம் வருடத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது, காலாவதியான கடனைத் தருகிறேன் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அந்த எழுத்து செல்லும். கொடுக்க மனசுள்ளவருக்குச் சட்டம் குறுக்கே நிற்காது.

உங்கள் நாட்டிலும் அப்படித்தான். காலக்கெடு என்பது பிரதிவாதி கையில் இருக்கிற ஆயுதம். எடுத்துத்தான் ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை. 1998-இல் வாஷிங்டனில் 44 நாடுகள் கூடி நாஜிக் காலத்தில் பறிபோன கலைப்பொருட்களுக்கு நியாயமான தீர்வு காணவேண்டும் என்று கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டன, கூட்டியதே உங்கள் அரசாங்கம்தான். அமெரிக்க அருங்காட்சியகங்களின் சங்கம் 1999-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், நியாயமான முடிவுக்காக அருங்காட்சியகங்கள் தங்களுக்கு இருக்கும் சட்டத் தற்காப்புகளைத் தாங்களே விட்டுக்கொடுக்கலாம் என்று எழுதியிருக்கிறது. 2016-இல் உங்கள் நாடாளுமன்றம் இதே காலக்கெடுப் பிரச்சினைக்காகத் தனிச்சட்டமே போட்டு, உண்மை தெரியவந்த நாளிலிருந்து ஆறு வருடம் என்று நீட்டியது. குரோஸ் குடும்பத்தின் வழக்கு அதற்குள் முடிந்துபோயிருந்தது. இப்படி ஒரு சட்டம் தேவை என்று நாடே ஒத்துக்கொள்வதற்கு ஐந்து வருடம் முன்னால் கதவு சாத்தப்பட்ட குடும்பத்தைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசலாமே.

உங்களால் முடியாது என்று நான் நினைத்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதமாட்டேன். 2015-இல் கிர்க்னரின் ஓர் ஓவியத்தை மாக்ஸ் ஃபிஷர் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுத்தீர்கள். ஷகாலின் விடெப்ஸ்க் ஓவியத்தை 2021-இல் அதன் பழைய உரிமையாளரின் வாரிசுகளிடம் ஒப்படைத்தீர்கள். 2023-இல் ஃபிரிட்ஸ் குருன்பாமின் வாரிசுகளுக்கு எகோன் ஷீலெயின் படைப்புகள் போயின. ஒன்றைக் கொடுத்ததால் உங்கள் சுவர் காலியாகிவிடவில்லை. அதற்கும் முன்னால் போனால், உங்கள் முதல் இயக்குநர் ஆல்ஃபிரெட் பார் 1933-இல் ஜெர்மனியில் தங்கியிருந்தபோது நாஜிகள் ஓவியங்களைச் சுவரிலிருந்து இறக்குவதைக் கண்ணால் பார்த்தவர். ஐரோப்பாவில் மாட்டிக்கொண்ட கலைஞர்களை வெளியே கொண்டுவர ஆல்ஃபிரெட் பாரும் அவர் மனைவியும் உழைத்தார்கள். நாடிழந்தவர்களுக்கு இடம் கொடுத்த வீடு உங்களுடையது. அதே வீட்டில், நாடிழந்த ஓவியர் ஒருவர் வரைந்த நாடிழந்த கவிஞர், நாடிழந்த வியாபாரியின் கையிலிருந்து நழுவி வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் எப்படி வந்தார் என்று கேட்கும் கடமை மற்ற எவரையும்விட உங்களுக்குத்தான் அதிகம் என்று எனக்குப் படுகிறது.

நீங்கள் சொல்லக்கூடிய மற்ற வாதங்களும் எனக்குத் தெரியும். குரோஸுக்கும் ஃபிளெக்ட்ஹைமுக்கும் இடையில் பணக்கணக்கு பாக்கி இருந்தது என்பார்கள், ஆகவே படம் வியாபாரியுடையதாகவே ஆகியிருக்கலாம் என்பார்கள். இருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் ஃபிளெக்ட்ஹைமின் வாரிசுகள் என்ற கேள்வி வருமே தவிர, வைட்லர் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி அடங்காது. எந்தப் பக்கம் திரும்பினாலும் 1933-க்கும் 1952-க்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தை உங்கள் வக்கீலும் அவர்கள் வக்கீலும் ஆளுக்கொரு பக்கம் நின்று பார்த்தது போதும், இரண்டு பக்கமும் சாராத சரித்திர ஆய்வாளர்கள் இறங்கிப் பார்க்கட்டும். பிரிட்டன், ஜெர்மனி, பிரான்ஸ், ஆஸ்திரியா, நெதர்லாந்து எல்லாவற்றிலும் இதற்கென்று அமைப்புகள் இருக்கின்றன. உங்கள் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. அரசாங்கம் வைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை, இந்த ஒரு படத்துக்காக நீங்களும் குடும்பமும் சேர்ந்து மூன்று பேரை ஒப்புக்கொண்டு உட்காரவைக்க முடியும். அவர்கள் சொல்வதை ஏற்போம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுங்கள். படம் உங்களுடையதுதான் என்று அவர்கள் சொன்னால் எனக்கு அதில் வருத்தமே இல்லை, நானே வந்து அதன் முன்னால் நின்று நிம்மதியாகப் பார்த்துவிட்டுப் போவேன்.

எனக்கு இதில் ஏன் இத்தனை அக்கறை என்று தமிழ் வாசகர்கள் கேட்கலாம். எங்கள் தஞ்சை மண்ணில் பத்தூர் என்று ஓர் ஊர். 1976-இல் ஒரு கூலித் தொழிலாளி மண்ணை வெட்டும்போது நடராசர் சிலை கிடைத்தது, கைமாறிக் கைமாறி லண்டன் போய்ச் சேர்ந்தது. அதைத் திருப்பிக் கேட்ட வழக்கில் இடிந்துகிடந்த கோயிலே உரிமை கோரி நின்றது. பல நூற்றாண்டு பூசையில்லாத கோயிலுக்கு வழக்காட உரிமை உண்டா என்று அந்த நாட்டு நீதிபதிகள் யோசித்து, உண்டு என்று சொன்னார்கள், 1991-இல் சாமி ஊருக்குத் திரும்பினார். அங்கேயும் "இத்தனை காலம் யாரும் கேட்கவில்லையே" என்று முடித்திருக்க முடியும். முடிக்கவில்லை. அதன் பிறகு ஸ்ரீபுரந்தான் நடராசர் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-இல் வந்தார், வேறு பல சிலைகளும் வந்துகொண்டிருக்கின்றன. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ எங்கோ முகம் தெரியாத யாரோ ஓர் ஆள் பழைய புகைப்படத்தை எடுத்து வைத்துக்கொண்டு "இது உங்களுடையது இல்லையே" என்று கடிதம் எழுதியதால்தான் அவற்றில் பல வெளிச்சத்துக்கு வந்தன. எங்கள் சாமிக்காக யாரோ எழுதினார்கள். இந்தக் கவிஞருக்காக நான் எழுதுகிறேன்.

இன்னொன்று, இது நாளைக்கே செய்யக்கூடியது. நாஜிக் காலத்தில் பறிப்பாலோ கட்டாய விற்பனையாலோ கைமாறிய ஓவியம் என்றால் அதைக் காட்சிப் பலகையில் சொல்லவேண்டும் என்று நியூயார்க் மாநிலம் 2022-இல் சட்டம் கொண்டுவந்தது. இந்தப் படம் அந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்று உங்கள் வக்கீல்கள் வாதாடிக்கொண்டே இருக்கலாம். அதை விடுங்கள். அடுத்த முறை படத்தைச் சுவரில் மாட்டும்போது பக்கத்தில் ஒரு பத்தி எழுதி வையுங்கள்: ஃபிளெக்ட்ஹைமின் பெயர், 1933, வைட்லர், வாலன்டின், 1952, குரோஸ் 1953-இல் இதைப் பார்த்து என்ன எழுதினார் என்பது, பிள்ளைகள் கேட்டது, வழக்கு எந்தக் காரணத்தால் தள்ளுபடியானது என்பது. படங்களின் முன்வரலாற்றை ஆராய்ந்து இணையத்தில் போடுகிறீர்கள் என்பது தெரியும், நல்ல வேலை அது. ஆனால் படத்துக்கு முன்னால் நிற்கிற பள்ளிக்கூடப் பிள்ளை இணையத்தில் போய்த் தேடாது. அதன் கண்ணுக்கு நேரே இருக்கவேண்டும்.

புதிய இயக்குநர் அவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பழைய கடிதங்களில் கையெழுத்துப் போட்டது நீங்கள் இல்லை. 2005-இல் எழுதியதற்கும் 2006-இல் முடிவெடுத்ததற்கும் நீங்கள் பொறுப்பில்லை. அதனாலேயே உங்களால் சுலபமாக ஒரு புதுக் கடிதம் எழுத முடியும். குரோஸ் குடும்பத்துக்கு, "வாருங்கள், காலக்கெடுவை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசலாம்" என்று இரண்டு வரி. 1953-இல் குரோஸ் தன் சகலைக்கு எழுதிய கடிதம் உங்கள் கட்டடத்து முகவரிக்கு வந்திருக்க வேண்டியது, தைரியம் இல்லாததால் வேறு முகவரிக்குப் போனது. எழுபது வருடம் தாண்டிவிட்டது, அதற்கு இன்னும் யாரும் பதில் போடவில்லை.

அன்புடனும் மரியாதையுடனும்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு தமிழ்ப் பார்வையாளர்